யாகப்பரின் முதுகு

யாகப்பருக்கு முதுகு இல்லை என்பதை முதலில் கண்டவர் கிளிபோட் அண்ணை.

ஜூன் மாதத்து ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்த கையோடு அளவு நாடாவும் பென்சிலுமாக மல்வேர்னில் உள்ள கிளடிஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். கடலோரத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து கனடாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஜூலையும் ரொறன்ரோவில் புனிதர் யாகப்பரின் பெருநாள் கொண்டாடுவார்கள். அந்த விழாக்குழுவுக்கு அவர்தான் தலைவர். பழைய சுருவம் சாந்தில் செய்த சிலை; போன வருடச் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் அதன் கழுத்து வெடித்துப்போனது. புதியதை மரத்தில் செய்து தரும்படி கிளடிஸிடம் கேட்டதும் அவர்தான். சுருவத்தை ஏற்றித் தோளில் சுமக்கிற கூட்டுக்கு இப்போது அளவெடுக்க வேண்டும்.

கராஜ் கதவு மேலே போனதும் அவர் செருப்பைக் கழற்றினார். பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரத்தில், கையில் தடியோடு, அடுத்த அடியை எடுத்து வைக்கப் போகிறவர் போல நின்றார் யாகப்பர். இன்னும் வண்ணம் பூசவில்லை. வெறும் மரத்தின் பால் நிறத்திலேயே கன்னமும் தாடியும் விரல்களும் இருந்தன.

"பிள்ளை, ஆள் இப்ப வாயைத் திறந்து கதைப்பார் போல கிடக்கு," என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார் கிளிபோட். முன்பக்கம் அளந்தார். பக்கவாட்டில் அளந்தார். நாடாவை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார்.

கிளடிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"பிள்ளை, உவருக்கு முதுகு எங்கை?"

"முதுகோ?"

"ஓம், முதுகு. முன்னாலை பாத்தால் அப்போஸ்தலர். பின்னாலை வந்து பாத்தால் நிமித்தி வைச்ச வள்ளம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை யாகப்பரின் பின்புறம் ஆழமாகக் குடையப்பட்டு வெறுமையாக இருந்தது. உள்ளே உளியின் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன.

"அது அப்பிடித்தான் அண்ணை செய்யிறது. உள்மரத்தைக் குடைஞ்சு எடுத்தால்தான் காயேக்கை வெடிக்காது. சுவரோடை வைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது."

"ஆர் பிள்ளை சுவரோடை வைக்கிறது? உவர் றோட்டாலை போறவரெல்லே!"

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் தான் செய்து வைத்திருப்பது என்ன என்று கிளடிஸுக்கு உறைத்தது. வருடா வருடம் அவளும் அந்தப் பெருநாளுக்குப் போகிறவள்தான். கூடு கோயிலுக்கு வெளியே வரும்போது எல்லோரையும் போல எட்டி நின்று யாகப்பரின் முகத்தைப் பார்த்து வணங்கியிருக்கிறாள். கூட்டுக்குப் பின்னால், செபமாலையோடு கார் தரிப்பிடத்தைச் சுற்றி, பக்கத்துத் தெருவால் திரும்பி வருகிற அவ்வளவு சனத்துக்கும் முழு வழியும் தெரிவது சுருவத்தின் முதுகு மட்டுமே என்பது, மரத்தைத் தொட்ட நாளிலிருந்து ஒரு தடவையும் அவள் நினைவுக்கு வரவில்லை.

கிளிபோட் நல்ல மனிதர். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை வேறு கதை கதைத்தார். போகும்போதுதான் சொன்னார்.

"சாட்டின் துணி ஒண்டைத் தொங்க விடலாம். ஆனால் காத்தடிச்சால் பறக்கும், பேந்து சனம் சிரிக்கும். மில்லிக்கன் பிளாசாக் கடையிலை ஒரு பைபர் யாகப்பர் நிக்கிறார். கொடியேற்றத்துக்கு முதல் ஒரு முடிவைச் சொல்லும். ஏலாட்டில் ஒருத்தரும் உம்மைக் குறை சொல்லமாட்டினம். உவரைக் கோயிலுக்குள்ளை ஒரு சுவரோடை வைப்பம்."

அவர் ஆறுதலாகச் சொன்னதுதான் அவளுக்குத் தைத்தது. கனடாவுக்கு வந்த பிறகு உளியைக் கையில் எடுத்தது இந்த ஒரு வேலைக்காகத்தான். இது தெருவில் இறங்கினால் இனியும் செதுக்குவது, இல்லையென்றால் உளிகளைத் தோல் உறையோடு சுருட்டி யாருக்காவது கொடுத்துவிடுவது என்று அவள் மாசி மாதமே மனதுக்குள் தீர்த்து வைத்திருந்தாள். கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது றொய்சனுக்குச் சொன்னாள். அவள் கணவன் ஒரு களஞ்சியசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். எதற்கும் உடனே வழி சொல்லிவிடுவான்.

"இஞ்சரும், பின்பக்கத்துக்கு அளவா ஒரு பிளைவுட் வெட்டி அடிச்சுவிட்டால் என்ன?"

கிளடிஸ் அவனைப் பார்த்தாள்.

"சரி, சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்தச் சம்பலை இஞ்சாலை தாரும்."

*

ஊரையும் கடலையும் விட்டு எண்பத்தாறில் கிளம்பியபோது கிளடிஸுக்கு ஏழு வயது. தகப்பன் யேசுரட்ணம் கடல் தொழிலுக்குப் போகிறவர். கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்கே வந்து, அகதி என்று சொன்ன எத்தனையோ குடும்பங்களில் அவர்களும் ஒன்று. அரசாங்கம் அவர்களைத் தெற்கே, பவேரிய மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊருக்கு அனுப்பியது. ஊரின் விளிம்பில், முன்பு பயணிகள் தங்கிய பழைய மரவீட்டில், மாடிக்கு ஒரு குடும்பமாக இருந்தார்கள். யேசுரட்ணத்துக்குச் சந்தியில் இருந்த சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை கிடைத்தது. கோப்பை கழுவுவதும் கிழங்கு உரிப்பதும்.

அவள் முதன்முதலில் செதுக்கியது அந்தக் கிழங்கில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து இருந்து, உரித்த உருளைக்கிழங்கில் சின்னக் கத்தியால் முகம் வெட்டுவாள். மூக்கு நீளமாக இருந்தால் கடை முதலாளி, கன்னம் உப்பியிருந்தால் முதலாளியின் மனைவி. சமையல்காரி அவற்றை அவித்துவிடாமல் யன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்தாள். மறுநாள் அவை சுருங்கி, எல்லா முகங்களும் கிழடுதட்டிப் போயிருக்கும். முதலாளி வந்து பார்த்து, இதில் தான் எது என்று கேட்பார். யேசுரட்ணம் மகளை முந்திக்கொண்டு, "இல்லை, இல்லை, உது நான்," என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

அந்த ஊரில் மரம் செதுக்கப் படிப்பிக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மூன்று வருடப் படிப்பு. ஊரில் யாருக்கும் அது புதுமையில்லை. பாண் சுடப் படிக்கிறவர்களைப் போல மரம் செதுக்கப் படிக்கிறவர்களும் காலையில் சைக்கிளில் போவார்கள். பதினேழு வயதில் கிளடிஸ் அங்கே நுழைவுத் தேர்வு எழுதினாள். எழுதினாள் என்பது சரியில்லை. சாந்தில் வார்த்த ஒரு காதை முன்னால் வைத்து, அதைக் களிமண்ணில் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள், எடுபட்டாள்.

மூன்றாம் நாள் யேசுரட்ணம் குசினியில் கிழங்கு உரித்தபடியே கேட்டார்.

"கேள்விப்பட்டன். அங்கை ஒரு ஆம்பிளையை உரிஞ்சு நிப்பாட்டி வைச்சுப் பாத்துக் கீறுறதாம். மெய்யோ?"

"ஓம் அப்பா. புதன்கிழமையிலை."

தோல் நீளமாக வாளிக்குள் விழுந்தது.

"எல்லாரும் முன்னாலைதான் இருக்க வேணுமோ?"

"இல்லை. சுத்தி எங்கையும் இருக்கலாம்."

"அப்ப நீ பின்னாலை இரு. கொம்மாவுக்கு நான் சொல்லுறன்."

அதுதான் அவர் கொடுத்த சம்மதம். ஊர்த் தகப்பன்மாரில் வேறு யாராக இருந்தாலும் அந்தக் கதவு அங்கேயே மூடியிருக்கும் என்று கிளடிஸ் பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

*

படிப்பின் முதல் மாதங்களில் மரம் கிடைக்கவில்லை. உளி தீட்டுவதுதான் வேலை. எண்ணெய்க் கல்லில் தீட்டி, தோலில் இழுத்து, லிண்டன் மரத்துண்டில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய இடம் நனைந்தது போலப் பளபளத்தால் சரி. மங்கலாக ஒரு கீறு தெரிந்தாலும் திரும்பக் கல்லுக்கு. விரல் நுனிகள் கறுத்துப்போய், வீட்டில் சோறு குழைக்கும்போதும் எண்ணெய் மணக்கும். பிறகு எழுத்து, பிறகு இலை, பிறகு பாதம், கை, காது. ஒரு பாதத்துக்கு ஒரு பருவம் முழுவதும் போனது.

ரொறன்ரோவில் இத்தனை வருடம் கழிந்தும் அவளுக்கு அந்தப் பட்டறையின் காலைகள் நினைவில் வந்துபோகும். பனி பெய்த நாட்களில் வெளிச்சம் கீழேயிருந்து வரும். யன்னலுக்கு வெளியே தரை வெள்ளையாக இருப்பதால் சிலைகளின் நாடியும் மூக்கின் அடியும் ஒளிரும், நெற்றி இருளும். பத்து மணிக்கு எல்லோரும் உளியை வைத்துவிட்டுச் சுருள் சீவல்களுக்கு நடுவே இருந்து பாணும் பாற்கட்டியும் தின்பார்கள். பக்கத்து மேசை வ்ரோனி, கிளடிஸ் கொண்டுவரும் மாசிக் கருவாட்டுச் சம்பலைப் பாணில் பூசித் தின்று, கண்ணீர் வழிய, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டுவாள். அவள் ஒரு பால்காரரின் மகள். உளியைவிட வாய் கூர்.

குடைவதை அங்கேதான் படித்தாள். முன்புறம் உருத் தெரிய வந்ததும் சிலையைக் குப்புறப் படுக்க வைத்து, பின்புறத்திலிருந்து உள்மரத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். எவ்வளவு தடிப்பு மிச்சம் இருக்கிறது என்பதை அளவுகோல் சொல்லாது. கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் மரம் சொல்லும். ஒலி கனத்தால் இன்னும் எடுக்கலாம், மெலிந்தால் நிறுத்து. அந்த நாட்டுக் கோயில்களில் சிலைகள் பீடத்தில், சுவரோடு சுவராக நிற்பவை. பின்புறம் இருட்டுக்கும் சிலந்திக்கும் உரியது. மூன்று வருடத்தில் அந்தப் பழக்கம் அவள் கைக்குள் இறங்கிவிட்டது. மல்வேர்ன் கராஜில் யாகப்பரைக் குப்புறப் போட்டதும் அந்தக் கைதான். அவளைக் கேட்டுக்கொண்டு போடவில்லை.

புதன்கிழமைகள் வேறு மாதிரி. பிற்பகலில் மேல் மாடி மண்டபத்தில் படம் கீறுகிற வகுப்பு. நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் மின் அடுப்பு. மாணவர்கள் முன்னால் அரைவட்டமாக இருந்தார்கள். கிளடிஸ் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனாள். மேலங்கியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் ஏறியவரைக் கண்டதும் அவளுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஏறியவர் ஸெப். ஊர்த் தபால்காரர். அவள் ஏழு வயதில் வந்து இறங்கிய நாளிலிருந்து, தோலாலான பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலைப்பாதையால் நடந்து அகதிகள் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருகிற ஸெப்.

மறுநாள் காலை அவர் வழக்கம் போல வந்தார். கடிதங்களை நீட்டிவிட்டு, மிக மரியாதையாக, "நேற்று என் முதுகு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் உள்ளேயிருந்து தாய்.

"வெளியிலை சரியான குளிராம் அம்மா."

வகுப்பில் எல்லோருக்கும் இது பகிடியாகிவிட்டது. "கிளடிஸ், இந்தப் பக்கம் வா, இங்கே மூக்கு எல்லாம் இருக்கிறது," என்று வ்ரோனி பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவாள். படம் கீறப் படிப்பித்த ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் முதுகு கேட்டு யாரும் வரப்போவதில்லை," என்றார். கிளடிஸ் இடத்தை மாற்றவில்லை. கொடுத்த வாக்கு ஒருபக்கம். மற்றப் பக்கம், அந்த முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகு.

கடிதம் இருக்கும் நாளில் ஸெப் படலையில் நின்று திரும்புவார். முகம் தெரியும். கடிதம் இல்லாத நாளில் நிற்கமாட்டார். ஏமாற்றத்தோடு நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் வேகமாகக் கடந்து போய்விடுவார். விட்டு வந்த கடலோர ஊரில் சண்டை பெருத்த மாதங்களில், வாசற்படியில் நின்ற தாயும் தகப்பனும் அவளும் நாள்தோறும் பார்த்தது பனிக்குள் இறங்கிப் போகும் அந்த முதுகைத்தான். பை தொங்கும் வலது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அதை ஈடுசெய்ய முதுகந்தண்டு இடப்பக்கம் மெல்ல வளைந்து, அந்தப் பக்கத் தசை கயிறு போலத் திரண்டிருக்கும். கழுத்து ஒரு பக்கம் சாயும். பெட்டியில் ஏறி வெறும் உடம்போடு நின்றபோதும், பை இல்லாமலே, பை தோளில் இருந்தது.

மூன்று வருடம் அதையே கீறினாள்.

*

படிப்பு முடிந்து பழைய கோயில்களின் சிலைகளைத் திருத்துகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். உளுத்த விரலுக்குப் புது விரல், உடைந்த சிறகுக்குப் புதுச் சிறகு. நல்ல வேலை. பிறகு றொய்சனைக் கட்டி ரொறன்ரோ வந்தாள். சிலை செய்கிறவள் என்று சொன்னபோது எல்லோரும் "ஓ, நைஸ்" என்றார்கள். வேலைக்கென்று ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு டென்ரல் லாப் அவளை எடுத்தது. மெழுகில் பல் செதுக்குகிற வேலை. அங்கே நடத்துகிற பெண் அவளுடைய முதல் கடைவாய்ப்பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் எந்த லாபில் இருந்தீர்கள் என்று கேட்டார். கோயிலில் என்றாள் கிளடிஸ்.

பல் செதுக்குவது கேவலமில்லை. யாரோ ஒருவர் நாளைக்கு அதனால் இறைச்சி கடிக்கப் போகிறார். ஆனால் பல்லை இரண்டு விரலுக்குள் பிடித்துவிடலாம். தோளால் தள்ளி, இடுப்பால் திருப்பி, முழு உடம்பாலும் செய்கிற வேலையை அவள் உடம்பு தேடிக்கொண்டே இருந்தது. கிளிபோட் அண்ணை யாகப்பரைக் கேட்ட அன்றைக்கு, அவள் சம்மதம் சொல்வதற்கு முன்பே, மரம் எங்கே வாங்கலாம் என்று யோசித்துவிட்டாள். நகருக்கு வடக்கே மரம் அரிகிற ஒருவரிடம் நெடுநாள் காய்ந்த பாஸ்வுட் அடிமரம் ஒன்று கிடைத்தது. லிண்டனுக்கு உறவு மரம். நடுவே பிளந்து இரண்டு பாதியாக வீட்டுக்கு வந்தது.

முதுகு இல்லை என்று தெரிந்த மறுவாரம், வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவள் வ்ரோனிக்குப் படம் அனுப்பிவிட்டு அழைத்தாள். அங்கே மாலை. வ்ரோனிக்கு இப்போது சொந்தப் பட்டறை. பின்னால் யாரோ இயந்திரவாளை நிறுத்துவது கேட்டது.

"முன்புறம் அழகு. இதில் உனக்கு என்ன பிரச்சினை?"

கிளடிஸ் சொன்னாள். சுற்றுப்பிரகாரம், பின்னால் வரும் சனம், வள்ளம், சாட்டின் துணி.

வ்ரோனி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"வகுப்பில் நாங்கள் அத்தனை பேரும் அந்த மனிதனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தோம். மூன்று வருடம் முதுகை மட்டும் பார்த்தவள் நீ. உலகத்தில் வேறு யார் முதுகில்லாமல் சிலை செய்தாலும் பரவாயில்லை. நீயா?"

கிளடிஸ் கையில் இருந்த மெழுகுப் பல்லைக் கீழே வைத்தாள்.

"ஸெப் இருக்கிறாரா?"

"போன குளிர்காலம் போய்விட்டார். தூக்கத்தில்தான். உன்னுடைய படங்கள் என் பரணில் எங்கோ கிடக்கும், தேடி அனுப்பவா?"

"வேண்டாம்," என்றாள் கிளடிஸ். "அவரை எனக்குத் தெரியும்."

*

அன்று வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கராஜுக்குப் போனாள்.

"இஞ்சருங்கோ, மரத்தின்ர மற்றப் பாதி எங்கை?"

றொய்சன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு மேலைதான் என்ர விண்டர் டயர் நாலும் கிடக்கு. நல்ல உயரமாக் கிடந்தது, அதுதான்..."

டயர்கள் இறங்கின. ஒரே அடிமரத்தின் மறுபாதி. ஈரத்துக்கும் வெயிலுக்கும் முன்பாதி எப்படி அசையுமோ அப்படியே இதுவும் அசையும். இதில் முதுகைச் செதுக்கி, உட்புறத்தை மெலிதாகக் குடைந்து, திறந்து கிடக்கும் பின்புறத்தில் மூடிபோலப் பொருத்த வேண்டும். இரண்டும் சேரும் கோடு மேலங்கியின் மடிப்புக்குள் மறைய வேண்டும். மடிப்புகள் முன்புறத்தில் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. அவற்றை மாற்ற இனி இடமில்லை. பின்புறம் அவற்றைத் தொடர்ந்துதான் போக வேண்டும். ஒரு வெட்டுப் பிழைத்தாலும் இன்னொரு பாதி மரம் கிடையாது.

தடியில்லாத வலது தோள் முன்புறத்திலேயே சற்றுச் சரிந்திருந்தது; பின்புறத்துச் சாய்வு நினைவிலிருந்து வந்தது. துணி எங்கே இழுபடும் என்பதுதான் பிடிபடவில்லை. மூன்று வருடமும் அவள் கீறியது துணியில்லாத முதுகை. யாகப்பர் உடுத்தவர்.

"உங்கடை வேலைப் பையை ஒருக்கால் தோளிலை போடுங்கோ. இல்லை, உள்ளுக்குக் கொஞ்சம் பாரம் வேணும். அரிசி மாவை வையுங்கோ."

பழைய போர்வையைப் போர்த்தி, அதன் மேலே மாவுப் பொதி வைத்த வேலைப் பையை மாட்டிக்கொண்டு, கராஜ் நடுவில் சுவரைப் பார்த்து நின்றான் றொய்சன். கதவு பாதி திறந்திருந்தது. தெருவில் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"திரும்பாதேங்கோ! நடக்கிற மாதிரி ஒரு காலைத் தூக்குங்கோ."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ஸெப் முக்கால் மணித்தியாலம் நிப்பார்."

"ஆர் அந்த ஸெப்?"

"தபால்காரன்."

"எந்தத் தபால்காரன்?"

மகள் ஸ்டெபனி பள்ளிக்கூடப் பையோடு வந்து அந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்தாள். "அம்மா, சீரியஸ்லி? அப்பாவுக்கு ஏன் பிளாங்கெட்? கதவை மூடுங்கோ பிளீஸ், என்ர பிரெண்ட்ஸ் எல்லாம் உந்த றோட்டாலைதான் போறவை!"

வார் தோளில் அழுத்தும் இடத்தில் துணி உள்ளே போய், அதன் கீழே விசிறி போல விரிந்தது. பை இடுப்பில் மோதும் இடத்தில் மடிப்புகள் நசுங்கின. கிளடிஸ் கரியால் மரத்தில் கோடு போட்டாள். அன்றிலிருந்து வேலை விட்டு வந்த மாலைகளும் சனி ஞாயிறுகளும் கராஜில் போயின. தாழ்ந்த தோளில் ஆழமாக வாரின் தடத்தை இறக்கினாள். முதுகந்தண்டின் வளைவைத் துணிக்கு அடியில் இருப்பதாகவே வைத்தாள், தொட்டால்தான் தெரியும். கழுத்தை ஒரு மயிரிழை சாய்த்தாள். பிடரியில் தொப்பி போட்டுப் போட்டுத் தேய்ந்த மயிர்.

சில நேரம் உளியை நிறுத்திவிட்டு, கொட்டாப்புளியை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். கராஜ் மரம் மணக்கும். எண்ணெய்க் கல் மணக்கும். மேல் மாடி மண்டபத்தின் மின் அடுப்பு சூடேறும்போது எழும் தூசி மணமும் எங்கிருந்தோ வந்து சேரும். பெட்டிக்கு அந்தப் பக்கம் வ்ரோனியின் சிரிப்பு. இந்தப் பக்கம் அவளும் அந்த முதுகும் மட்டும். உலகத்திலேயே அமைதியான இடம் அதுதான் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை. யேசுரட்ணம் அனுப்பி வைத்த இடம். அவர் மறைந்து நாலு வருடமாகிறது. பின்னாலை இரு என்று சொன்னவர், அங்கே என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பசை பூசி, இரண்டு பாதியையும் சேர்த்து, பட்டிகளால் இறுக்கிக் கட்டிய அன்று அவள் அருகிலேயே இருந்தாள். மறுநாள் கட்டை அவிழ்த்துவிட்டுக் கொட்டாப்புளியால் தட்டினாள். மேலே தட்டினாள், நடுவில் தட்டினாள், அடியில் தட்டினாள். எல்லா இடமும் ஒரே குரலில் பேசியது.

*

கொடியேற்றத்துக்கு முதல் நாள் கிளிபோட் அண்ணை வந்தபோது வண்ணம் காய்ந்திருந்தது. இந்த முறை அவர் முன்பக்கம் பார்க்கவில்லை. நேரே பின்னால் போனார்.

கிளடிஸ் தேத்தண்ணிக் கோப்பையை இறுகப் பிடித்திருந்தாள்.

அவர் கையை நீட்டி, தோளில் வார் பதிந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு ஒரு கையைக் காலடியிலும் மறுகையை முதுகிலும் கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, உவ்வளவு பாரம் இல்லாமல் கிடக்கு?"

"உள்ளை கோறை தானே அண்ணை. வள்ளம் இன்னும் உள்ளைதான் இருக்கு."

கிளிபோட் சிரித்தார். "அப்ப நாங்கள் சுமக்கச் சுகம்." பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அவள் முன்னாலேயே பிளாசாக் கடைக்கு அடித்தார். "தம்பி, அந்தப் பைபர் யாகப்பர் எங்களுக்கு வேண்டாம். ஓம். ஆளுக்கு முதுகு வந்திட்டுது."

பெருநாள் ஞாயிறன்று வெயில் நன்றாக எறித்தது. பூசை முடிந்து கூடு வெளியே வந்தது. வழக்கம் போல முன்னால் ஒரு நெருக்கம், முகத்தைப் பார்க்க, படம் எடுக்க. கிளடிஸ் அந்த நெருக்கத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், செபமாலை சொல்லும் பெண்களோடு நின்றாள். கூடு நகர்ந்தது. கார் தரிப்பிடம் முடியும் மட்டும் பக்கத்தில் நடந்த ஜோசப்பின் அன்ரியின் வாயில் செபம் ஒழுங்காக வந்தது. தெருவுக்குத் திரும்பியதும் இடையில் தடைப்பட்டது.

"பிள்ளை, ஆரின்ர முதுகு உது?"

"ஏன் அன்ரி?"

"எனக்குத் தெரிஞ்ச ஆரோ ஒராள் முன்னாலை போறமாதிரிக் கிடக்கு. கூப்பிட்டால் திரும்பிப் பாப்பார் போல."

"தபால்காரன் அன்ரி."

"ஆர், எங்கடை ஊர்த் தபால்காரனோ? அவன் கட்டையெல்லே. சைக்கிள்ளை வாறவன்."

"இது நடந்து வாறவர்."

அன்ரிக்கு விளங்கியதோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கினார். முன்னாலிருந்து ஒலிபெருக்கியில் கிளிபோட் அண்ணையின் குரல் கேட்டது. "சுருவம் செய்த பிள்ளை எங்கை? கிளடிஸ்! படம் ஒண்டு எடுக்க வேணும், முன்னுக்கு வாரும் பிள்ளை!"

"நான் இஞ்சை பின்னாலை நிக்கிறன் அண்ணை," என்றாள் கிளடிஸ். அவருக்கு அது கேட்டிருக்காது.

தெரு மெல்லச் சரிந்து இறங்கும் இடம் வந்தது. சுமக்கிறவர்களின் அடிக்கு ஏற்ப யாகப்பர் அசைந்தார். தாழ்ந்த தோள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, பை இல்லாமலே பை இடுப்பில் இருந்தது, அவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். செபமாலையை விரலால் தள்ளிக்கொண்டு, இத்தனை சனத்தோடு, இம்முறை அவளும் பின்னாலேயே நடந்தாள்.